வளைந்த குழாயும் நான் எழுதிய எண்ணும்

கழுத்து ரத்தக் குழாயை ஸ்கேன் செய்யும் டாப்ளர் அறையில் வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்கள் நான்கு பேரிடமும் கொஞ்ச நேரம் பேசச் சொல்லி என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். மெஷினைப் பற்றிச் சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. நான் பழகிய மெஷின்கள் எல்லாம் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டன. நான் வாழ்க்கையைக் கெடுத்த ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். பாடப் புத்தகத்தில் வளைந்த குழாய்களைப் பற்றி ஒரு பக்கம் வரும். அதைப் புரட்டிவிட்டுப் போய்விடாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. வேலூரில் நான் வேலை பார்த்த ஸ்கேன் சென்டருக்கு வியாழக்கிழமைதோறும் சென்னையிலிருந்து ஒரு நரம்பியல் டாக்டர் வருவார். காலையில் காட்பாடியில் இறங்குவார். மதியம் இரண்டு மணி ரயிலுக்குத் திரும்பிவிடுவார். அந்த நாலு மணி நேரத்துக்காக திருப்பத்தூர், ஆம்பூர், ஆற்காடு, கணியம்பாடி என்று எல்லாப் பக்கமிருந்தும் ஜனங்கள் விடியற்காலை பஸ்ஸில் வந்து காத்திருப்பார்கள். அவர் எழுதி அனுப்புகிறவர்களுக்குக் கழுத்து ரத்தக் குழாயை ஸ்கேன் செய்து, அவர் கிளம்புவதற்குள் ரிப்போர்ட் கொடுப்பது என் வேலை. அச்சடித்த படிவம் ஒன்று இருந்தது. வலது, இடது, ரத்தத்தின் வேகம், அடைப்பு எத்தனை சதவீதம். அதில் இருந்த கட்டங்கள் அவ்வளவுதான்.

அப்படி ஒரு வியாழக்கிழமை வந்தவர்தான் கோதண்டன். ஐம்பத்தைந்து வயது இருக்கும். ஆம்பூரில் ஒரு தோல் ஷாப்பில், அதாவது தோல் பதனிடும் தொழிற்சாலையில், முப்பது வருடமாகத் தரம் பிரிக்கிற வேலை. பதனிட்ட தோலை மேஜைமேல் விரித்து, கையால் தடவிப் பார்த்து, இது முதல் தரம், இது இரண்டாவது என்று சொல்வார். அவர் சொல்வதை வைத்துத்தான் தோல் எந்தக் கம்பெனிக்குப் போகும் என்பது முடிவாகும். கொஞ்ச நாளாகத் தலைச்சுற்றல். ஒரு நாள் வேலையில் இருக்கும்போது வலது கை சிறிது நேரம் மரத்துப் போயிருக்கிறது. துணைக்கு அவருடைய மகள் மஞ்சுளா வந்திருந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஷூ கம்பெனியில் மேல்பாகம் தைக்கிற செக்‌ஷனில் வேலை.

கோதண்டன் கட்டிலில் ஏறிப் படுப்பதற்கு முன் மெத்தை உறையை ஒரு தடவு தடவினார்.

"ரெக்ஸின்" என்றார் மகளிடம். பிறகு என்னைப் பார்த்து, "இன்னாமா, கழுத்துல ஊசி கீசி போடுவியா?" என்றார்.

"ஊசி எல்லாம் கிடையாதுங்க. ஜெல் தடவி மேலாகத்தான் பார்ப்பேன். கொஞ்சம் ஜில்லுன்னு இருக்கும்."

"பிரஷர் மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று கேட்டேன். டாக்டர் எழுதி அனுப்பிய தாளில் பிரஷர் நூற்றித் தொண்ணூறு என்று இருந்தது.

"தலை சுத்துனா போட்டுக்குவேன். இல்லன்னா இன்னாத்துக்கு?"

வலது பக்கம் சுத்தமாக இருந்தது. இடது பக்கத்துக்கு வந்தேன். குழாய் நேராக மேலே ஏறி, இரண்டாகப் பிரிந்து, மூளைக்குப் போகும் கிளை கொஞ்ச தூரத்தில் படத்தைவிட்டு வெளியே போய்விட்டது. கழுத்தில் வைத்திருந்த மெஷின் முனையை, அதாவது புரோப்பை, சாய்த்துத் தேடினேன். பக்கவாட்டில் ஒரு வளைவு, மறுபடி எதிர்ப்பக்கம் ஒரு வளைவு. இரண்டாவது வளைவு கூர்மையாக, மடிந்ததுபோல் இருந்தது. வண்ணப் படத்தில் அந்த இடம் பளபளவென்று கலங்கித் தெரிந்தது. ரத்தத்தின் வேகத்தை அளந்தேன். மிக அதிகம். கழுத்தைக் கொஞ்சம் திருப்பச் சொல்லி மறுபடி அளந்தேன். பாதிதான் வந்தது.

குழாயின் சுவரைப் பார்த்தேன். வழுவழுப்பாக இருந்தது. கொழுப்புப் படிவு எதுவும் என் கண்ணுக்குத் தெரியவில்லை.

இதற்கு என்ன அர்த்தம் என்பது அன்றைக்கே எனக்குத் தெரியும். உங்களுக்கும் தெரிந்திருக்கும். ரத்தம் எந்தத் திசையில் ஓடுகிறது என்று நாம் ஒரு கோடு வைத்துக் காட்டினால்தான் மெஷின் வேகத்தைக் கணக்குப் போடும். நேரான குழாயில் கோடு வைப்பது சுலபம். வளைவில் எந்தக் கோடு சரி? கோடு கொஞ்சம் தப்பினாலும் எண் ஏறிவிடும். போதாததற்கு, வளைவில் ரத்தமே ஒரு பக்கம் வேகமாகத்தான் ஓடும். எண் பெரிதாக வந்ததாலேயே அடைப்பு இருக்கிறது என்று ஆகிவிடாது.

மணி ஒன்றே கால். வெளியே இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அதற்கு முந்தைய மாதம்தான் ஆற்காட்டு வாத்தியார் ஒருவரின் ரிப்போர்ட்டில் 'அளவு தெளிவாக இல்லை' என்று எழுதியிருந்தேன். டாக்டர் அந்தத் தாளோடு வரவேற்பறைக்கே வந்துவிட்டார். "ரூபி, தெளிவா இல்லன்னு எழுதினா நான் பேஷண்ட்கிட்ட என்ன சொல்றது? எனக்கு ஒரு நம்பர் குடு. யோசிக்கிறது என் வேலை" என்று எல்லார் முன்னாலும் சொன்னார். அதற்குப் பிறகு அந்த வார்த்தையை நான் எழுதவில்லை.

கோதண்டனின் கழுத்தில் புரோப்பை வைத்துக்கொண்டு நான் யோசித்தது அவரைப் பற்றி அல்ல. குறைந்த எண்ணை எழுதி நாளைக்கு அவருக்கு வாதம் வந்தால் என்னைக் கேட்பார்கள். பெரிய எண்ணை எழுதினால் யாரும் என்னைக் கேட்கமாட்டார்கள். இதுதான் என் மனசில் ஓடியது. அடைப்பு என்ற கட்டத்தில் 'எழுபதுக்கு மேல்' என்று எழுதினேன்.

டாக்டர் பையைத் தோளில் மாட்டிக்கொண்டே கதவருகில் வந்து நின்றார்.

"ஆம்பூர் கேஸ் எவ்ளோ?"

"இடது பக்கம் எழுபதுக்கு மேல, சார்."

"சரி. ஆஞ்சியோவுக்கு எழுதிடறேன்."

'குழாய் வளைஞ்சிருக்கு சார், இந்த எண்ணை நம்ப முடியாது' என்ற வாக்கியம் எனக்கு வாய்வரை வந்தது. அதைச் சொல்ல ஐந்து விநாடி போதும். அவர் கையெழுத்துப் போட்டுவிட்டு ஆட்டோ ஏறினார். நான் அடுத்தவரைக் கூப்பிட்டேன்.

கொஞ்ச நாளில் கோதண்டனைச் சென்னையில் ஒரு மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்தக் காலத்தில் ஆஞ்சியோ என்றால் தொடை வழியாக ஒரு மெல்லிய குழாயை ஏற்றி, கழுத்து வரைக்கும் கொண்டுபோய், மருந்து செலுத்திப் படம் எடுப்பார்கள். வளைந்து மடிந்த குழாய்களில் அதைக் கொண்டுபோவது கஷ்டம்; அதற்குரிய ஆபத்தும் உண்டு. கையெழுத்து வாங்கும்போது அதையும் சொல்லித்தான் வாங்கினார்களாம். மேஜையில் படுத்திருக்கும்போதே கோதண்டனுக்குப் பேச்சுக் குழறியது. மாலைக்குள் வலது கையும் காலும் விழுந்துவிட்டன.

இதெல்லாம் இரண்டு மாதம் கழித்துத்தான் எனக்குத் தெரியவந்தது. மறுபடி ஸ்கேன் பார்க்கச் சொல்லி டாக்டர் எழுதிக் கொடுத்திருந்தார். சக்கர நாற்காலியில் கோதண்டன் வந்தார். மஞ்சுளா தள்ளிக்கொண்டு வந்தார். கோதண்டனின் மனைவி பக்கத்திலேயே நடந்து வந்து, அவர் வாயோரம் வழிந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டே இருந்தார். கோதண்டன் என்னை அடையாளம் கண்டுகொண்டார். இடது கையைக் கொஞ்சம் தூக்கினார்.

மஞ்சுளா சென்னையில் எடுத்த ஃபிலிமை நீட்டினார். விளக்குப் பெட்டியில் மாட்டினேன். இடது கழுத்துக் குழாய் முழுக்கத் தெரிந்தது. ஆரம்பத்திலிருந்து கடைசிவரை ஒரே அகலம். இரண்டு வளைவுகள். அடைப்பு எங்கேயும் இல்லை.

நான் ஃபிலிமைப் பார்த்துக்கொண்டே நின்றேன். என் முகத்தை மஞ்சுளா பார்க்கக்கூடாது என்பதற்காகவே திரும்பாமல் நின்றேன்.

"அங்க அடைப்பே இல்லன்னு சொல்லிட்டாங்க மேடம்" என்றார் மஞ்சுளா. "நீங்க பாத்தப்போ இருந்துச்சே. அது எங்க போச்சி?"

நான் பதில் சொல்வதற்குள் அவரே சொன்னார். "நடுவுல மாத்திரை குடுத்தாங்க இல்ல, ரத்தம் உறையாம இருக்கறதுக்கு. அதுல கரைஞ்சி போயிருக்குமா மேடம்?"

"இருக்கலாம்" என்றேன்.

ஒரே வார்த்தை. எழுபது என்று எழுதியது பயத்தில் செய்த தப்பு. இந்த வார்த்தை அப்படி இல்லை. உண்மை என் கண்ணெதிரே வெளிச்சத்தில் தொங்கிக்கொண்டிருந்தபோது, நன்றாகத் தெரிந்து சொன்ன பொய். மஞ்சுளாவின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அதையாச்சும் சாமி கரைச்சி விட்டுச்சே" என்றார். பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை போய் மலை சுற்றுவதாக வேண்டிக்கொண்டிருப்பதாகவும் சொன்னார்.

அடுத்த வியாழக்கிழமை அந்தப் படத்தையும் என் ரிப்போர்ட்டையும் டாக்டர் முன்னால் வைத்தேன். வளைவு அன்றைக்கே தெரிந்தது, நான் சொல்லவில்லை என்றேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"படத்த நான் பாத்திருக்கணும். நம்பர மட்டும் கேட்டுட்டு ரயிலுக்கு ஓடிட்டேன்" என்றார். பிறகு, "இனிமே ஒவ்வொரு ரிப்போர்ட்லயும் குழாய் எப்படிப் போகுதுன்னு கையால வரைஞ்சு குடு, ரூபி. படிவத்துல இடமில்லன்னா பின்பக்கம் வரை."

"அவங்ககிட்டச் சொல்லணுமா, சார்?"

"சொன்னா அவருக்குக் கை வந்துடுமா?"

அந்தக் கேள்விக்குள் நான் சௌகரியமாக ஒளிந்துகொண்டேன். அவர் என்னைத் தடுத்தார் என்று உங்களிடம் சொல்லமாட்டேன். சொல்லாமல் இருக்க எனக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அவர் கொடுத்தார், நான் வாங்கிக்கொண்டேன்.

அன்றிலிருந்து வரைந்தேன். பென்சிலால் நூற்றுக்கணக்கான கழுத்துகள். லேசாக அலைபோலப் போகிறவை, வளையம் போட்டுச் சுற்றிக்கொண்டவை, முழங்கை மாதிரி மடிந்தவை. வரைய வரையத்தான் ஒன்று புரிந்தது. பக்கத்திலேயே பிரஷர் அளவையும் எழுதிவைப்பேன். வளைந்த குழாய்க்காரர்களில் நிறையப் பேர் வருடக்கணக்காகப் பிரஷரைக் கவனிக்காமல் விட்டவர்கள். அழுத்தம் தாங்கித் தாங்கிக் குழாய் நீண்டுவிடுகிறது, கழுத்து நீளுவதில்லை, குழாய்க்கு வளைவதைத் தவிர வேறு வழியில்லை. பிறவியிலேயே வளைந்தவையும் உண்டு, வயதால் வளைந்தவையும் உண்டு. பெரும்பாலும் அந்த வளைவுக்கு அறுவை சிகிச்சை ஒன்றும் தேவைப்படாது. ஆனால் வளைவைப் பார்த்தால் பிரஷரைப் பாருங்கள் என்று டாக்டருக்குச் சொல்ல வேண்டியது நாம்தான். கோதண்டனின் குழாய் அன்றைக்கு அதைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது தினம் ஒரு மாத்திரையும், அதை விடாமல் போடச் சொல்ல ஒரு ஆளும். நான் அவரை ஆஞ்சியோ மேஜைக்கு அனுப்பினேன்.

ஒன்பது வருடம் போனது. டாக்டர் எங்கள் சென்டருக்கு வருவதை நிறுத்தி நாளாகியிருந்தது. ஒரு நாள் காலை கட்டிலில் படுத்திருந்த பெண்மணியின் கழுத்தில் ஜெல் தடவும்போது, "என்ன ஞாபகம் இருக்கா மேடம்?" என்றார். மஞ்சுளா. முன்பக்கம் நரைத்திருந்தது. ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராகியிருந்தார். கம்பெனியில் நடந்த மருத்துவ முகாமில் பிரஷர் நூற்றி எண்பது என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். கழுத்தின் வலது பக்கம் அடியில் ஏதோ துடிப்பதை அவரே கண்ணாடியில் பார்த்திருக்கிறார்.

"அப்பா எப்படி இருக்காங்க?" என்றேன்.

"போன வருஷம் போய்ட்டாரு, மேடம்."

புரோப்பை வைத்தேன். வலது குழாய் கழுத்தின் அடியிலேயே வளைந்து, தோலுக்குப் பக்கத்தில் வந்து துடித்துக்கொண்டிருந்தது. சுவர் சுத்தம்.

"எனக்கும் அடைப்பா?"

"அடைப்பு இல்லம்மா. குழாய் வளைஞ்சிருக்கு. அதனாலதான் துடிக்கிறது தெரியுது. பிரஷர் மாத்திரை ஒழுங்கா சாப்பிடறீங்களா?"

"முகாம்ல குடுத்தாங்க. நான் போடல."

"ஏன்?"

"அப்பா போட்டாரே. மாத்திரைல அடைப்பெல்லாம் கரைஞ்சிடுச்சின்னு நீங்கதான சொன்னீங்க. கரைஞ்சும் வாதம் வந்துச்சி. அப்புறம் எனக்கு மாத்திரை இன்னாத்துக்கு?"

ஒன்பது வருடத்துக்கு முன்னால் நான் சொன்ன அந்த ஒரு வார்த்தை இந்தப் பெண்ணோடு ஆம்பூருக்குப் போய், அங்கேயே வளர்ந்து, இப்போது நூற்றி எண்பது பிரஷரோடு என் கட்டிலில் படுத்திருந்தது. அப்போதும் ஒரு நிமிடம் வழி தேடினேன். 'அப்பாவுக்கு வேற, உங்களுக்கு வேற' என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். அவர் நம்பியிருப்பார்.

மெஷினை நிறுத்தினேன். துணியைக் கொடுத்து உட்காரச் சொன்னேன்.

"மஞ்சுளா, அப்பாவுக்கு அடைப்பு கரையல. அடைப்பே இல்ல. அவருக்கும் இதே மாதிரி வளைவுதான். வளைவுல எண் தப்பா வரும். அது எனக்கு அன்னைக்கே தெரியும். தெரிஞ்சும் அடைப்புன்னு எழுதினேன். அதனாலதான் அவர மெட்ராஸுக்கு அனுப்பினாங்க."

அவர் கழுத்தைத் துடைப்பதை நிறுத்தினார்.

"மறுபடி வந்தப்போ ஃபிலிம் பாத்தீங்களே."

"அப்பவும் தெரியும்."

"அப்ப ஏன் சொல்லல?"

"பயம்" என்றேன். வேறு எதைச் சொன்னாலும் அது இன்னொரு பொய்யாகியிருக்கும்.

மஞ்சுளா அழவில்லை. கத்தவும் இல்லை. ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "மெட்ராஸ் போறதுக்கு மொத நாளு அப்பா கருவாட்டுக் குழம்பு கேட்டாரு. உப்பு கம்மி பண்ணணும்னு டாக்டர் சொல்லியிருந்தாரு. ரொம்பக் கேட்டாரேன்னு அம்மா வெச்சிக் குடுத்துச்சி. அத சாப்ட்டதாலதான் வாதம் வந்துச்சின்னு அம்மா இன்னிக்கும் அழுவுது. ஒம்போது வருஷமா, மேடம். நாங்களும் அப்படித்தான் நெனச்சிட்டோம். நானே ரெண்டு மூணு வாட்டி கோவத்துல சொல்லிக் காமிச்சிருக்கேன்."

வாயோரம் துடைத்துக்கொண்டே நடந்து வந்த அந்த அம்மா என் கண்முன் வந்தார். என் மௌனம் யாரையும் காயப்படுத்தவில்லை என்று ஒன்பது வருடம் நினைத்திருந்தேன். அந்த வருடங்கள் முழுக்க ஒருத்தர் என் குற்றத்தைத் தன் குற்றமாக நினைத்துச் சுமந்துகொண்டிருந்திருக்கிறார்.

"இத எழுதிக் குடுங்க" என்றார் மஞ்சுளா.

"எது?"

"இப்ப சொன்னீங்களே, அது. நான் சொன்னா அம்மா நம்பாது. எழுதிக் குடுங்க."

அந்த மாதிரி ஒரு தாள் என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. வேலை போகலாம், வழக்கு வரலாம். மேனேஜரைக் கேட்டுவிட்டுச் சொல்கிறேன் என்றிருக்கலாம், கேட்டிருந்தால் எழுதவிட்டிருக்கமாட்டார்கள். வெள்ளைத் தாள் ஒன்றை எடுத்துத் தமிழில் எழுதினேன். உங்கள் கணவரின் கழுத்து ரத்தக் குழாயில் அடைப்பு இல்லை. வளைவு மட்டுமே இருந்தது. அடைப்பு என்று நான் தவறாக எழுதினேன். அவர் சாப்பிட்ட சாப்பாட்டால் எதுவும் ஆகவில்லை. கீழே கையெழுத்துப் போட்டு, பெயரும் தேதியும் எழுதினேன்.

மஞ்சுளா இரண்டு முறை படித்தார். மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார். அவருடைய ரிப்போர்ட்டில் குழாயின் வளைவை வரைந்து, பக்கத்தில் பிரஷரையும் எழுதிக் கொடுத்தேன். "மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிங்க, விடாதீங்க" என்றேன். அவர் ரிப்போர்ட்டையும் அதே பையில் வைத்துக்கொண்டு போனார்.

அன்று சாயங்காலமே மேனேஜரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டினார், திட்ட வேண்டியதுதான். பல மாதம், தபால்காரர் வரும்போதெல்லாம் வக்கீல் நோட்டீஸாக இருக்குமோ என்று நினைப்பேன். எதுவும் வரவில்லை.

அரை வருடம் கழித்து மஞ்சுளா மறுபரிசோதனைக்கு வந்தார். பிரஷர் குறித்துவைக்கிற சின்ன நோட்டு ஒன்று கையில் இருந்தது. வரவேற்பறையில் இருந்த பெண்ணிடம், "அந்த இன்னொரு மேடம் இருந்தா அவங்களே பாக்கட்டும்" என்று சொன்னது உள்ளே எனக்குக் கேட்டது. என்னோடு வேலை செய்த பெண் எழுந்து போனாள். நான் அறையைவிட்டு வெளியே வந்து, தாழ்வாரத்தில் நின்றேன்.

நீங்கள் என்னிடம் கேட்கக்கூடும், உண்மையைச் சொன்னதில் உங்களுக்கு நிம்மதி கிடைத்ததா என்று. இல்லை. கோதண்டன் உயிரோடு இருந்தபோது சொல்லியிருக்க வேண்டிய விஷயம் அது. அவர் இடது கையைத் தூக்கி என்னை அடையாளம் கண்டுகொண்ட அன்றைக்கே சொல்லியிருக்க வேண்டும். கோபப்படவும், திட்டவும், மன்னிக்கவும், மன்னிக்காமல் இருக்கவும் உரிமை உள்ளவர் அவர்தான். அந்த உரிமையை நான் அவருக்குக் கொடுக்கவே இல்லை. தப்பு நேரும், உங்களுக்கும் நேரும். அதைச் சொல்வதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பரிசோதனை முடிந்து மஞ்சுளா வெளியே வந்தார். பிரஷர் நூற்றி முப்பது என்று உள்ளே சொன்னது காதில் விழுந்திருந்தது. என்னைத் தாண்டிப் போகப் பார்த்தவரிடம் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அம்மாகிட்டச் சொன்னீங்களா?"

நின்றார். "படிச்சிக் காட்டினேன்."

"என்ன சொன்னாங்க?"

"மறுபடி படின்னு சொல்லிச்சி. படிச்சேன். அப்புறம் தாள கையில வாங்கிக்கிச்சி." ஒரு கணம் என்னைப் பார்த்தார். "அதுக்குப் படிக்கத் தெரியாது, மேடம்."

கம்பெனி பஸ்ஸுக்கு நேரமாகிறது என்று சொல்லிவிட்டுப் படி இறங்கிப் போய்விட்டார்.